கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்க

ஊத்துக்குளியில் குடும்பத்துக்கென்று வாங்கும் வண்டி குடும்பத்துக்கு மட்டும் ஓடுவதில்லை. திங்கள் முதல் சனி வரை அதில் கட்டிங் பீஸ் மூட்டை போகும், தைத்த பீஸ் செக்கிங்குக்குத் திரும்பும், ஓவர்லாக் மெஷினின் மோட்டார் ரிப்பேருக்குத் திருப்பூர் போய் வரும். ஞாயிறு காலையில் சீட்டில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு அதே வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவார்கள். ஏழு சீட்டு வண்டியில் அன்றைக்கு ஒன்பது பேர் இருப்பார்கள். மடியில் குழந்தை, காலடியில் பித்தளைக் குண்டா, டிக்கியில் விறகு.

ஊத்துக்குளி ரயில்வே ஸ்டேசன் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பது போக, புது வண்டி எடுக்கப் போகிறவர்களோடு போய் வண்டி பார்த்துத் தருவதும் என் வேலையாகிவிட்டது. அதற்குக் கூலி வாங்குவதில்லை. எடுக்கிற வண்டி நாளைக்கு என் ஜாக்கி மேல்தான் ஏறப் போகிறது என்பதால் அக்கறை தானாக வந்துவிடும். "அண்ணா, எந்த வண்டிங்க எடுக்கலாம்?" என்று வருகிறவரிடம் நான் பணம் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு வேண்டும் என்று ஆரம்பிப்பதில்லை. "கடைசி சீட்டுல யாருங்க உட்காருவாங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலானவர்கள் பதில் யோசிக்காமல் வந்திருப்பார்கள். ஷோரூமில் அவர்கள் உட்கார்ந்து பார்த்தது ஸ்டீயரிங் முன்னால் மட்டும்.

நான் தொழில் கற்றது மாருதி வேனில். 1984-இல் வந்த வண்டி, 1988-இல் ஓம்னி என்று பெயர் மாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், இழுப்பது பின் வீல், பின்னால் பட்டை ஸ்பிரிங். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் மினிவேன்களை இறக்கியது. பிரான்சில் ரெனோவின் எஸ்பாஸ் வந்தது. அவை நீள வண்டிகள், இன்ஜின் முன்னால், இழுப்பதும் முன் வீல். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கடைகண்ணிக்குப் போய்வரும் குடும்பங்களை நினைத்துச் செய்தவை. எங்கள் பக்கத்திலோ வேன் வந்த காலமும் பனியன் ஏற்றுமதி வளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தன. திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், கட்டிங் கம்பெனியில், தையல் ஏதாவது ஒரு கிராமத்துப் பவர் டேபிளில், காஜா பட்டனுக்கு மறுபடி ஒரு சந்து. இத்தனை இடத்துக்கும் நடுவே பீஸை ஏற்றி இறக்க ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓம்னியை அதற்கு விட்டார்கள்.

அந்த வண்டியை இத்தனை வருடம் பிரித்துப் பூட்டியதில் எனக்குப் பிடிபட்டவை சில. தள்ளு கதவு என்பது சந்துக்குள் பெரிய வரம். பக்கத்தில் மொபெட் நின்றாலும் மூட்டையை இறக்கலாம், வயசானவர்களும் கதவில் இடிபடாமல் இறங்கலாம். தளம் சமமாகவும் தாழ்வாகவும் இருந்தால் தூக்குகிறவன் இடுப்பு பிழைக்கும். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் துணி ரோலை நாள் முழுக்க ஏற்றுகிறவனுக்கு அரையடி உயரம் கூடினாலும் அது பெரிய வித்தியாசம். அதே வண்டியில் ஓட்டுகிறவனின் முழங்காலுக்கு முன்னால் தகரமும் ஹெட்லைட்டும் தவிர வேறொன்றும் கிடையாது. வெயில் காலத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து சூடு ஏறும். பைபாஸில் பெரிய லாரி தாண்டிப் போகும்போது காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததும் 2019-இல் ஓம்னி நின்றது. அந்த விதிகள் பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2010-இல் வந்த ஈகோவில் முன்னால் கொஞ்சம் மூக்கு இருக்கிறது, இன்ஜின் 1.2 லிட்டர், அமைப்பு பழையதுதான். பீஸ் ஏற்ற இன்றைக்கும் எங்கள் பக்கம் அதை மிஞ்சிய சின்ன வண்டி இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செங்கப்பள்ளியில் பைபாஸ் ஏறிச் சேலம் வரை வேகமாகப் போக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கொங்குப் பக்கத்தில் இன்னோவா மேல் இருக்கும் பற்றை வெளியூர்க்காரர்கள் அந்தஸ்து ஆசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தஸ்தும் உண்டு, ஆனால் அதற்கு அடியில் ஒரு மெக்கானிக் காரணம் இருக்கிறது. 2000-இல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய வண்டி. கீழே லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், பின் வீல் இழுப்பு. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு 2005-இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். பட்டை போய் காயில் ஸ்பிரிங் வந்தது. சேஸும் பின் வீல் இழுப்பும் அப்படியே இருந்தன. ஏழெட்டுப் பேரும் மூட்டையும் ஏறினால் எடை பின் ஆக்சில் மேல் உட்காரும். இழுக்கிற வீலும் அதுவே என்பதால் ஏற ஏறப் பிடிப்பு கூடும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகிற கரும்பு லாரி நின்று, நாமும் நின்று, மறுபடி எடுக்க வேண்டி வரும்போது இது தெரியும். முன் வீல் இழுக்கிற வண்டியில் பின்னால் பாரம் கூடினால் மூக்கு லேசாகத் தூக்கும்; மழை பெய்த சரளையில் வீல் ஒரு சுற்று வெறுமனே சுற்றிவிட்டுத்தான் பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறை மலை ஏறுகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. தோட்டத்துச் சேற்றில் தினமும் பாரத்தோடு போய் வருகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி.

2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் 2.4 லிட்டர் டீசல், 150 குதிரைத் திறன். இழுவையைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தனிச் சேஸ் இருப்பதால் தளம் உயரம். அதோடு கடைசி சீட்டு இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் மேலே மடங்கி நிற்கும். நீளம் கிடைக்கும், அகலம் போய்விடும். அட்டைப்பெட்டியை இரண்டு இரண்டாக அடுக்க நினைத்தவர்கள் அளந்து பார்த்துவிட்டு யோசிப்பார்கள். 2022 கடைசியில் வந்த ஹைகிராஸில் சேஸ் இல்லை, முன் வீல் இழுப்பு, தளம் தாழ்வு, கடைசி சீட்டு தரைக்குள் மடங்கும், பெட்ரோலோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கிடைக்கிறது. "முன் வீல் இழுக்குதாமுங்க, அது இன்னோவாவே இல்லீங்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். நகரமும் நெடுஞ்சாலையுமாக ஓடுகிறவருக்கு நான் ஹைகிராஸையே சொல்வேன். தோட்டமும் மலையும் பாரமும் என்றால் கிரிஸ்டா.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறிய சமயம், குன்னத்தூர் ரோட்டில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு தம்பி வந்தார். வீட்டில் ஏழு பேர்: அவர், மனைவி, பதினாலு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், அப்பா, அம்மா, கூடவே இருக்கும் மாமியார். அம்மாவுக்கு முட்டி ஆப்பரேசன் ஆகியிருந்தது. மனதில் நாலு வண்டி வைத்திருந்தார்: டிரைபர், எர்டிகா, கேரன்ஸ், செகண்ட்ஹேண்ட் கிரிஸ்டா. பேப்பரில் அளவெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க தம்பி. ஏழு பேரும் வரோணும்."

ஷோரூம்களில் ஏழு பேராகப் போய் இறங்கினால் ஆரம்பத்தில் முகம் சுளிப்பார்கள், பிறகு நாற்காலி போடுவார்கள். முதல் சோதனை அம்மாவுக்கு. யாரும் கை கொடுக்காமல் நடு வரிசையில் ஏறி உட்கார வேண்டும். கிரிஸ்டாவில் மேல் கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு கால் வைத்து, மருமகள் பின்னால் தாங்கித்தான் ஏற முடிந்தது. எர்டிகாவிலும் கேரன்ஸிலும் முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டார். "திண்ணையில உக்கார்ற மாதர இருக்குதுங்க" என்றார். முட்டி வலிக்கிறவர்களுக்கு நான் பார்க்கும் அளவு இதுதான்: சீட்டின் உயரம் நிற்கிறவரின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஏற வேண்டும், கீழே போனால் எழுந்திருக்க முடியாது. எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இந்த அளவு இருக்காது.

அடுத்தது கடைசி வரிசை. அங்கே யார் என்ற கேள்விக்கு அந்தப் பெண்ணும் பையனும்தான் என்று முடிவாகியிருந்தது. எர்டிகாவில் நடு சீட்டை மடக்கி முன்னால் நகர்த்தினால் வழி கிடைக்கும். கேரன்ஸில் ஒரு பட்டனைத் தொட்டால் சீட்டே சுருண்டு முன்னால் போகும். பெண் ஏறி உட்கார்ந்ததும் அப்பா உடனே இறங்கச் சொன்னார். நான் விடவில்லை. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, இருபது நிமிடம் உட்கார வைத்தேன். கடைசி சீட்டின் தளம் பின் ஆக்சிலுக்காக உயர்ந்திருக்கும், சீட்டோ தாழ்ந்திருக்கும். முட்டி மேலே வந்துவிடும், தொடைக்குக் கீழே தாங்கல் இருக்காது, முழு எடையும் இடுப்பில் இறங்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். "பெரியப்பா, எர்டிகாவுல முட்டி நெஞ்சுக்கு வருதுங்க, கேரன்ஸ்ல பரவால்லீங்க" என்று பெண் சொன்னது எந்த அளவுப் பட்டியலையும் விட உதவியது. வாந்தி எடுக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்றும் சொல்வேன். கடைசி சீட்டு பின் ஆக்சிலுக்கு மேலேயோ பின்னாலேயோ இருப்பதால் குலுக்கல் அங்கேதான் அதிகம். அதோடு பக்கத்துக் கண்ணாடி சின்னதாக, உயரத்தில் இருந்தால் பிள்ளைக்கு வெளியே ரோடு தெரியாது. வயிறு புரட்ட இந்த இரண்டும் போதும்.

எல்லாரும் உட்கார்ந்தபின் டிக்கியைத் திறக்கச் சொல்வேன். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிரைபரில் 84 லிட்டர்தான் இடம், எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216, கிரிஸ்டாவில் 300. எண்பத்து நாலு லிட்டரில் ஏழு பேரின் மாற்றுத்துணி வைக்க முடியாது, டாப் கேரியர் வேண்டும். ஆனால் டிரைபரில் கடைசி இரண்டு சீட்டையும் ஒரு ஆள் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். அப்போது 625 லிட்டர். ஓம்னியில் வேலை செய்த கண்ணுக்கு இது உடனே பிடித்துவிடும், தம்பிக்கும் பிடித்தது. கழற்றிய சீட்டு எங்கே இருக்கும் என்று கேட்டேன். குடோனில்தான். குடோனில் பஞ்சும் எலியும் இருக்கின்றன. வாரம் ஆறு நாள் அங்கே கிடந்த சீட்டில் ஞாயிற்றுக்கிழமை பையன் உட்கார வேண்டும். அதைச் சொன்னதும் அவர் மனைவி முடிவாக வேண்டாம் என்றுவிட்டார்.

பஞ்சைப் பற்றி வண்டிக் கம்பெனிக்காரர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பீஸ் ஏற்றும் வண்டியில் நூல் பிசிறு நடு சீட்டு நகரும் தண்டவாளத்துக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆறு மாதத்தில் சீட்டு நகராது. கடைசி வரிசைக்கு வழி அடைபட்டுவிடும். ஏசி பில்டரும் அப்படியே. மற்ற ஊரில் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதை இங்கே நான் இரண்டு முறை மாற்றுகிறேன். பில்டர் அடைத்தால் காற்று கடைசி சீட்டுக்குப் போய்ச் சேராது. வண்டி பழசாகிவிட்டது, கேஸ் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள், உள்ளே பார்த்தால் வெள்ளைப் பஞ்சு.

பிறகு ஏற்றம். ஷோரூம் வண்டியை அவ்வளவு தூரம் விடமாட்டார்கள் என்பதால், அதே வண்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்களைப் பிடித்து ஏழு பேரோடு, ஏசி போட்டுச் சென்னிமலை மேலே வரை போகச் சொல்வேன். 1,320 படிக்குப் பக்கத்தில் வண்டிப்பாதையும் இருக்கிற மலை அது. எங்கள் பக்கத்தில் அதைவிட நல்ல சோதனைச் சாலை இல்லை. டிரைபரின் இன்ஜின் 999 சிசி, மூன்று சிலிண்டர், 72 குதிரைத் திறன். ஐந்து பேரோடு நன்றாகவே ஏறும். ஏழு பேரும் ஏசியும் என்றால் கீழ் கியரை விடவே முடியாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, எப்போதாவது இரண்டு விருந்தாளி ஏறும் வண்டி அது. அந்தக் கணக்கில் கொடுத்த காசுக்கு மேல் பெறும். எர்டிகாவின் 1462 சிசி இன்ஜின் ஏழு பேரையும் அவசரமில்லாமல் இழுக்கும். ஏற்றத்தோடு வேகத்தடையையும் பாருங்கள். காகிதத்தில் உள்ள தரை இடைவெளி வெறும் வண்டிக்கானது. பின்னால் நாலு பேர் ஏறினால் இரண்டு மூன்று விரற்கடை இறங்கிவிடும். எங்கள் கிராமத்து வேகத்தடைகளுக்கு அந்த விரற்கடைதான் கணக்கு.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. எர்டிகாவில் டீசல் 2020-இல் நின்றுவிட்டது. சிஎன்ஜி எர்டிகாவில் சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொள்ளும். பெட்டி ஏற்ற நினைப்பவருக்கு ஆகாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதனைக்கு விட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்த ஒன்று, டீசல். பிஎஸ் 6 டீசல் வண்டியில் புகையைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது சூடேறி எரிக்க வேண்டும், அதற்கு வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து யூனிட், யூனிட்டிலிருந்து ஸ்டேசன் என்று இரண்டு கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், செலவு பெரிதாக வரும். நாளுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வெளியே ஓடாதவர் டீசல் பக்கம் போக வேண்டாம் என்று நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இனி நான் குரல் உயர்த்திப் பேசும் இடம். நாட்டில் அதிகம் விற்கும் ஏழு சீட்டு வண்டி எர்டிகா. குளோபல் என்கேப் அமைப்பு 2019-இல் இடித்துப் பார்த்தபோது அதற்கு மூன்று நட்சத்திரம். சோதனை முறையைக் கடுமையாக்கிய பிறகு 2024-இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒன்று. 2025-இல் ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் வந்திருக்கிறது, நல்லது. டிரைபருக்கு 2021-இல், பழைய முறைப்படி நாலு. மகிந்திரா மராசோ 2018-இலேயே நாலு வாங்கியது; விற்பனை இல்லாமல் நின்றுபோனது. கேரன்ஸுக்கு 2022-இல் மூன்று. 2024-இல் புது முறைப்படி சோதித்தபோது முந்தைய தயாரிப்புக்குப் பூஜ்யம், திருத்தி வந்ததற்கு மூன்று. ஆகவே கேரன்ஸைச் செகண்ட்ஹேண்டில் எடுப்பவர் தயாரிப்பு மாதத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. ஹைகிராஸுக்கு 2025-இல் நம் நாட்டுப் பாரத் என்கேப் ஐந்து கொடுத்தது. நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் அது பெல்ட் போட்டவருக்குத்தான். கடைசி சீட்டில் பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருக்காத வண்டியை எங்கள் பக்கத்தில் அரிதாகத்தான் பார்க்கிறேன். கடைசி சீட்டுக்கும் பின் கதவுக்கும் நடுவே ஒரு ஜாணுக்கு மேல் இடம் இருக்காது. அங்கே உட்காருவது நம் பிள்ளைகள். சர்வீசுக்கு வரும் வண்டியில் செருகிய பெல்ட்டை எல்லாம் நான் இழுத்து வெளியே விட்டுத்தான் அனுப்புகிறேன்.

வரியில் ஒரு கோடு இருக்கிறது. நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் இப்போது ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. டிரைபரின் நீளம் 3.99 மீட்டராக இருப்பது இதனால்தான். தமிழ்நாட்டு ஆயுள் வரியும் 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் இருபது லட்சம் வரை 15. பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் மாடலில் அலாய் வீலுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டு ஒரு படி மேலே போனால், அந்தப் பொருளின் விலையோடு மொத்த வண்டிக்கும் கூடுதல் வரி சேர்ந்துகொள்ளும்.

பழைய கிரிஸ்டா பார்க்கப் போனபோது தம்பிக்குச் சிலவற்றைக் காட்டினேன். சொந்த போர்டாக மாறிய டாக்சிகள் நிறைய வருகின்றன. கிலோமீட்டரைக் குறைக்கலாம், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் டிரைவர் சீட்டின் வலது விளிம்பையும் மாற்ற யாருக்கும் நினைவு வராது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகள் உள்மாவட்டங்களுக்கு வந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் அந்தப் பயம் இருக்கிறது. எந்தப் பழைய வண்டியிலும் கடைசி வரிசை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பேன். சேறு படிந்த கோடு அங்கேதான் தங்கும். சீட்டு உறையை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. நாங்கள் பார்த்த கிரிஸ்டா சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவால் ஏற முடியாததால் அதை விட்டோம்.

கடைசியில் எர்டிகாவா கேரன்ஸா என்று நின்றது. எர்டிகா விலை குறைவு, எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், மறுவிற்பனையில் நஷ்டம் குறைவு. அதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அப்பாவுக்கு அதில்தான் மனம். பெண்ணின் இருபது நிமிடமும், பட்டனைத் தொட்டால் வழிவிடும் சீட்டும், நட்சத்திரக் கணக்கும் சேர்ந்து கேரன்ஸ் பெட்ரோல் என்று முடிவானது. "அப்ப பீஸு எதுலண்ணா ஏத்தறது?" என்றார் தம்பி. அவர் வீட்டில் பழைய ஓம்னி ஒன்று ஓரமாக நின்றது. ஆர்சி காலம் இன்னும் மூன்று வருடம் இருந்தது. கிளட்ச் தட்டும் பின் பிரேக்கும் மாற்றி, பட்டை ஸ்பிரிங்கில் ஒடிந்த இலையை எடுத்துப் புதிது போட்டுக் கொடுத்தேன். புது வண்டியில் பீஸ் ஏற்றுவதில்லை என்று மருமகளும் மாமியாரும் சேர்ந்து சட்டம் போட்டுவிட்டார்கள்.

டெலிவரிக்கு முந்தின நாள் நானும் போனேன். தயாரிப்பு மாதம் எழுதிய தகடு, டயர் பக்கவாட்டில் வாரமும் வருடமும் சொல்லும் நாலு இலக்கம், ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, டிக்கி நிறைந்திருக்கும்போது அதை எப்படி இறக்குவது, எல்லாம் பார்த்தோம். பதிவு எண் விழுவதற்கு முன் குறையைக் காட்டினால் வண்டியை மாற்றித் தரச் சொல்லலாம், விழுந்தபிறகு ரிப்பேர்தான். அந்த வாரமே பழநிக்குக் கிளம்பினார்கள். ஏழு பேர் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைத் தம்பிக்குக் காட்டி, அந்த அளவுக்குக் காற்று அடித்து, கடைசி இரண்டு பெல்ட்டையும் வெளியே எடுத்துவிட்டு அனுப்பினேன்.